நெல்லிக்கொல்லி வரைபடம் வெளியே வந்த கதை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தரும்படி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என் கைவசம் ஊக்கம் அதிகம் இல்லை. வேலையில் இருந்தபோதே என்னை ‘அந்தச் சிடுமூஞ்சி மேடம்’ என்றுதான் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். ஓய்வு பெற்று ஊட்டி காந்தலில் உள்ள வீட்டில் குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தக் குணம் மட்டும் குறைந்துவிடுமா என்ன? ஊக்கம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள். நான் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இந்த வேலையில் நான் பார்த்தவற்றில் இன்றுவரை மனதை விட்டுப் போகாத சம்பவம் இது.

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. மலையில் உள்ள ஓர் அரசு அலுவலகம், அவ்வளவுதான். பல துறைகளின் தகவல்களைத் திரட்டி வைப்பதும், அவற்றில் பொதுமக்கள் பார்க்க வேண்டியவற்றை இணையதளத்தில் ஏற்றுவதும் எங்கள் பிரிவின் வேலை. உங்களுக்கும் அதே வேலைதான் கொடுக்கப் போகிறார்கள்.

ஓர் அலுவலகம் தன்னிடம் இருக்கும் தகவலை எப்போது வெளியே தரும்? பயிற்சியில் உங்களுக்குச் சட்டம், கொள்கை, தொழில்நுட்பம் என்று திரையில் படம் போட்டுக் காட்டுவார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் நான் கண்டது வேறு. ஒரு தகவலை வெளியிட்டால் நாளை காலை யாராவது வாசலில் வந்து நின்று ‘அப்படியானால் எனக்கு இதைச் செய்து கொடு’ என்று கேட்பார்களா என்பதுதான் முதல் கேள்வி. கேட்கமாட்டார்கள் என்றால் தகவல் சிட்டாகப் பறந்து வெளியே போகும். மலர்க்காட்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று வெளியிட எங்களுக்கு ஒருநாள்கூடத் தாமதமானதில்லை. எந்த அலுவலகம் அதிகக் கோப்புகளை ஏற்றியிருக்கிறது என்று மேலிடத்தில் போட்டி வைத்த வருடம், சுற்றுலாப் பயணிகள் பற்றிய ஒரே அட்டவணையை மாதவாரியாகக் கிழித்துப் பன்னிரண்டாக்கி ஏற்றினோம். கேடயம் கிடைத்தது. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

வரைபடத்தின் கதை அதற்கு அடுத்தாற்போல் தொடங்குகிறது.

மலைச்சரிவுகளை ஆராய வெளியிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். எந்தச் சரிவு பெருமழையில் இறங்கிவிடக்கூடும் என்று பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடத்தில் நிறம் போடுவது அவர்கள் வேலை. ஊர்ப்பெயர்களையும் குடியிருப்புகளையும் சரிபார்த்துக் கொடுக்க நான் கூடப் போனேன். கிளம்பும்போதே எங்களுக்கு ஓர் உத்தரவு உண்டு. குடியிருப்பவர்களிடம் நிறத்தைப் பற்றி வாய்திறக்கக் கூடாது. பீதி கிளம்பும் என்றார்கள்.

தேவாலாப் பக்கம் நெல்லிக்கொல்லி என்று ஒரு சிற்றூர். கீழே தேயிலை, மேலே செங்குத்தான சரிவு, நடுவில் பத்திருபது வீடுகள். எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் துண்டு நிலம் வாங்கிக் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. வேலை இருக்கும்வரை எஸ்டேட்டின் வரிசை வீட்டில், அதாவது லயத்தில், ஓர் அறை கிடைக்கும். வேலை முடிந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர்களுக்கு அறுபது வயதில் வரும் முதல் கவலை, தலைக்கு மேல் கூரை.

அங்கேதான் பார்வதியைப் பார்த்தேன். கொழுந்து பறிக்கிறவர். பெற்றோர் இலங்கையிலிருந்து திரும்பி வந்து இந்த எஸ்டேட்டில் குடியேறியவர்கள். கணவர் சந்திரனுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். இருவர் பெயரிலும் சரிவில் ஒரு துண்டு நிலம் பட்டாவோடு இருந்தது. அதில் கயிறு கட்டி வீட்டுக்கு அளவு போட்டிருந்தார்கள். நிபுணர்கள் அந்தக் கயிற்றைத் தாண்டிப் பின்பக்கம் போய், மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரைபடத்தில் அந்த இடத்துக்குச் சிவப்பு அடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பார்வதி எங்கள் எல்லோருக்கும் சாயத் தண்ணி, அதாவது பால் விடாத தேநீர், கொண்டுவந்தார். கொடுத்துவிட்டு என்னிடம் மட்டும் கேட்டார்.

“மேடம், இந்த எடத்துல வூடு கட்டலாமுங்களா?”

நிபுணர்கள் டம்ளரைப் பார்த்தார்கள். எனக்கு உத்தரவு நினைவில்லாமல் இல்லை. ஆனால் கேட்டவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இந்த எடம் வேண்டாங்க. பின்னாடி மண்ணுக்கு அடியில தண்ணி ஓடுது. பெரிய மழைக்கு எறங்கிரும்” என்றேன்.

திரும்பும் வழியில் ஜீப்பில் எனக்கு மனம் நிறைவாகத்தான் இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

சில நாட்களில் சந்திரன் ஊட்டிக்கு என் அலுவலகம் தேடி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் செருப்பு. தரை அழுக்காகிவிடும் என்று செருப்பை வெளியே கழற்றியவர், தொலைந்துவிடுமோ என்று கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கோபமாக வந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இவ்வளவுதான்.

“மேடம், சம்சாரத்துக்கிட்ட சொன்னத எழுதிக் குடுங்க. அதக் காட்டி வேற எடம் கேட்டுப் பாக்குறேன். வாயால சொன்னா எவனும் நம்பமாட்டான்.”

அரசு வீட்டுத் திட்டத்தில் அவர் பெயர் வந்திருந்தது. பட்டா இருக்கும் நிலத்தில்தான் கட்ட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் தொடங்காவிட்டால் ஒதுக்கீடு அடுத்தவருக்குப் போய்விடும். இடத்தை மாற்றித் தரச்சொல்லிக் கேட்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் எங்கள் கணினியில் சிவப்பாக இருந்தது. வெளியிடாத வரைபடத்தைப் பார்த்து எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. கொடுத்தாலும் அது செல்லாது. வரைபடத்தையே வெளியிட்டுவிட்டால் அவருக்கு மட்டுமல்ல, அந்தச் சரிவில் உள்ள எல்லோருக்கும் கேட்க ஓர் ஆதாரம் கிடைக்கும். கொஞ்சம் பொறுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, வரைபடத்தை வெளியிட அனுமதி கேட்டுக் கோப்பு போட்டேன்.

எங்கள் அதிகாரி கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனுஷன், இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. கடைநிலை ஊழியரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். என்னை உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, பொறுமையாக விளக்கினார். வேறு எந்த மாவட்டமாவது போட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நிபுணர்களின் கணக்கு தப்பாக இருந்து, பச்சை அடித்த இடம் இறங்கினால் யார் பதில் சொல்வது என்றார். குன்னூர்ப் பக்கம் நிலம் வாங்கி விடுதி கட்டியிருப்பவர்கள், தங்கள் நிலத்தில் சிவப்பைப் பார்த்தால் சும்மா இருப்பார்களா என்றார். எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் இருந்தது. கடைசியாகக் கேட்டதற்குத்தான் இல்லை.

“ஏனுங்க மேடம், செகப்பு அடிச்சு வெளிய போட்டுட்டா, அத்தன பேரும் மாத்து எடம் கேட்டு வாசல்ல நிப்பாங்க. குடுக்கறதுக்கு எடம் இருக்குதுங்களா? இல்லாதப்ப எதுக்குங்க சொல்லோணும்?”

வெளியே இருந்து பார்க்கிறவர்கள் அலுவலகங்கள் திமிரால் தகவலை மறைப்பதாக நினைக்கிறார்கள். திமிர் இருக்கிறது, ஆனால் அதைவிட அதிகமாக இருப்பது இந்தக் கேள்வி. தெரியும் என்று சொல்லிவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டும். செய்ய வழியில்லாதபோது தெரியாமலேயே இருந்துவிடுவது நிம்மதி. அன்று அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், ‘இடம் இல்லை என்பதையும் சேர்த்து வெளியே சொல்லுவோம்’ என்பது. எனக்கு அது தோன்றியது பல வருடம் கழித்து, இதே காந்தல் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது.

கோப்பின் ஓரத்தில் அவர் ‘பேசவும்’ என்று எழுதி அனுப்பினார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். அப்படி எழுதிய கோப்பைப் பற்றி யாரும் யாரிடமும் பேசமாட்டார்கள். அது மறுக்கப்பட்டதும் இல்லை, அனுமதிக்கப்பட்டதும் இல்லை. நான் நினைவூட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

சந்திரன் காத்திருந்து பார்த்தார். பிறகு போனில் ஒருமுறை கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். ஒதுக்கீட்டுக்கான காலம் முடியப்போகிறது, லயத்தையும் விட வேண்டும், கட்டத்தான் போகிறேன் மேடம் என்றார். திட்டத்தின் அதிகாரிகள் வந்து பட்டாவைப் பார்த்தார்கள், நிலத்தின் அளவைப் பார்த்தார்கள், அனுமதி கொடுத்தார்கள். சரிவைப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. வீட்டின் பின்னால் சந்திரன் தன் கையாலேயே கல் அடுக்கி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார் என்று பின்னால் பார்வதி சொன்னார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அது நடந்தது. தேவாலா மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பார்வதி கொழுந்து எடை போடும் இடத்தில் நின்றிருக்கிறார். சந்திரன் வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் அடைத்த மண்ணை மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்திருக்கிறார். மேலே இருந்து சரிவு இறங்கியது. தடுப்புச் சுவர், வீடு, மனிதர் எல்லாம் கீழே தேயிலைக்குள் போயிற்று. பக்கத்து வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்திரனை மறுநாள்தான் எடுத்தார்கள்.

அன்றைக்கே தொலைக்காட்சி வண்டிகள் மலையேறிவிட்டன. மேலிடத்திலிருந்து எங்களுக்குப் போன் வந்தது. இந்த இடம் ஆபத்தானது என்று உங்களிடம் ஏதாவது தகவல் இருந்ததா, இருந்தால் அதை ஏன் வெளியிடவில்லை என்று கேட்டார்கள். வருடக்கணக்கில் தூங்கிய கோப்பு மேசைமேல் ஏறி, கையெழுத்தாகி, மாலைக்குள் வரைபடம் இணையதளத்தில் வந்துவிட்டது. நான் அத்தனை நாள் மன்றாடிக் கேட்டது ஒரு பிற்பகலில் நடந்தது. குன்னூர் விடுதிக்காரர்கள் பற்றி அன்று யாருக்கும் கவலை வரவில்லை. தகவலை வெளியிடுவதால் வரும் பழியைவிட வெளியிடாததால் வரும் பழி பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான் நடந்த மாற்றம். நீங்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்தத் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இனிமேல் வருவதைக் கவனமாகப் படியுங்கள். இது நம் ஆட்களுக்கு மட்டுமே வாய்க்கும் பிழை.

இணையதளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரே ஒரு தேதிதான் போட முடியும். நம் வழக்கம் ஒன்று உண்டு. உத்தரவு கைக்கு எப்போது வந்தாலும் அதில் இருக்கும் தேதிதான் தேதி. வரைபடத்தின் மூலையில் நிபுணர்கள் அதை முடித்துக் கையெழுத்திட்ட தேதி இருந்தது. சந்திரன் அஸ்திவாரம் தோண்டுவதற்கு வெகுகாலம் முந்தைய தேதி. ஒப்பந்தத்தில் வேலை பார்த்த தட்டச்சுப் பெண் எப்போதும் செய்வதுபோல அதையே அடித்து ஏற்றினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. யாரும் அவரிடம் அப்படிச் செய் என்று சொல்லவும் இல்லை. ஆனால் மறுநாள் தளத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு, அந்த வரைபடம் வீடு கட்டுவதற்கு முன்பிருந்தே பொதுவில் இருந்ததாகத் தெரிந்தது.

நான் பார்த்தவுடன் அதிகாரியிடம் ஓடினேன். வெளியிட்ட தேதியைத் தனியாகக் கீழே போட வேண்டும் என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் மேலிடத்தில் அந்தத் தேதியைப் பார்த்து நிம்மதியடைந்து, நாங்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தோம் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. கோப்பில் இருக்கும் தேதிதானுங்களே போட்டிருக்கு, நாம ஒண்ணும் பொய் எழுதலைங்களே என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். எழுத்தில் குறிப்பு கொடுத்தேன். அதன் ஓரத்தில் என்ன எழுதினார் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். அடுத்த சில மாதங்களில் மாலை போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பார்வதி காந்தலுக்கு என்னைத் தேடி வந்தது அதற்குப் பிறகு. தேவாலாவிலிருந்து கூடலூர், அங்கிருந்து ஊட்டி என்று பஸ் மாறி வந்திருந்தார். இறந்தவருக்கான உதவித்தொகை கிடைத்துவிட்டது. மாற்று வீடு கேட்டுப் போட்ட மனுவைத்தான் தள்ளிவிட்டார்கள். ஆபத்தான இடம் என்று அரசு பொதுவில் அறிவித்திருந்தும், தெரிந்தே கட்டியதால் வீடு தர வழியில்லை என்று பதில். லயத்து அறை சந்திரன் பெயரில் இருந்தது, அவர் ஓய்வு பெற்றபோதே போய்விட்டது. தம்பி குடும்பத்தோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் அழவில்லை. பதிலில் இருந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

“தெரிஞ்சே கட்டுனாருன்னு எழுதியிருக்காங்க மேடம். அவரு சாகவா கட்டுனாரு?”

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் அச்சிடமாட்டார்கள். மேல்முறையீடு செய்யச்சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்கு நானும் வந்து, வரைபடம் எந்த நாளில் வெளியானது என்று சாட்சி சொல்கிறேன் என்றேன். ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள் என்று என் மகன் பயந்தான். வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

கூடலூரில் விசாரணை. பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. நான் அன்று சரிவில் நின்று பார்வதியிடம் சொன்னது. அதைப் பற்றி விசாரணையில் கேட்டால் என்ன சொல்வது? பார்வதியிடம் அதைச் சொல்லவேண்டாம் என்று சொல்லிவைக்கலாமா என்று நினைத்தேன். ஒரு பெண்ணைப் பொய் சொல்லப் பழக்குவதா என்று விட்டுவிட்டேன். மனுவில் பிரச்சினையே தேதிதான், வேறு எதைக் கேட்கப்போகிறார்கள் என்றும் தோன்றியது.

விசாரித்த அதிகாரி இளைஞர். மரியாதையானவர். எழுந்து நின்று எனக்கு நாற்காலி போடச்சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். தேதி போடும் வழக்கத்தை விளக்கினேன். அவர் தளத்தை நடத்துகிறவர்களுக்குப் போன் செய்து, கோப்பு ஏற்றப்பட்ட நாள் எது என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். சந்திரன் இறந்த நாள்தான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வீடு கட்டியபோது வரைபடம் பொதுவில் இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். பக்கத்தில் இருந்த பார்வதியின் கையை நான் பிடித்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பேனாவை மூடப்போனவர், முறைக்காக இன்னொரு கேள்வி கேட்டார். வரைபடம் இல்லாவிட்டாலும், இந்த இடம் ஆபத்தானது என்று கட்டுவதற்கு முன்னால் யாராவது உங்களிடம் சொன்னார்களா?

பார்வதி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது நன்றி. இத்தனை பெரிய மனிதர்கள் நடுவில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கிடைத்த சந்தர்ப்பம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

“சொன்னாங்க சார். இந்த மேடம் ஒருத்தங்கதான் சொன்னாங்க. கட்டாதீங்கன்னு தெளிவா சொன்னாங்க. இவங்க மனசு யாருக்கும் வராது சார்.”

அந்த இளைஞர் முகத்தில் அவரும் அதை விரும்பவில்லை என்பது தெரிந்தது. உண்மைதானா மேடம் என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பிறகு மூச்சு விடாமல் பேசினேன். வாயால் சொன்னது அறிவிப்பு ஆகாது என்றேன். சந்திரன் அதை எழுத்தில் கேட்டு என் மேசைக்கு வந்தார், கொடுக்க முடியாமல் வைத்திருந்தது நாங்கள்தான் என்றேன். அதே இடத்தில் கட்ட அனுமதி கொடுத்ததும் அரசுதான் என்றேன். எல்லாவற்றையும் அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து மெதுவாகச் சொன்னார், எழுத்தில் கேட்டு வந்தார் என்றால் ஆபத்து என்று நம்பித்தானே மேடம் வந்திருக்கிறார்?

மனு மீண்டும் தள்ளுபடியானது. இந்த முறை வரைபடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. பொறுப்பான அரசு அலுவலர் நேரில் எச்சரித்தும் கட்டியது என்று இருந்தது. அந்தப் பொறுப்பான அலுவலர் நான்தான்.

இப்போது உங்களுக்கு. என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், சொல்லாமல் இருந்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் என்னால் தூங்க முடிந்திருக்காது. ஆனால் ஒருவர் காதில் மட்டும் சொல்வது அவர் தலையில் பாரத்தை ஏற்றிவைத்துவிட்டு நாம் நகர்ந்துகொள்வது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. ஆபத்தைத் தெரிந்துகொண்டவரிடம் அதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க ஒரு காகிதமும், கேட்டால் திறக்க ஒரு கதவும் இருக்க வேண்டும். ஊருக்கே தெரியும்படி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். தமிழில் ஒட்டுங்கள், சர்வே எண் போடாமல் ஊர்ப்பெயர் போட்டு ஒட்டுங்கள். ஒட்டிய நாளை அதிலேயே எழுதுங்கள். இதற்கெல்லாம் அனுமதி கிடைக்காது என்பீர்கள். கிடைக்காதுதான். கேட்டதற்குச் சாட்சியாக ஊரில் நாலு பேரையாவது வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இதோடு முடித்திருப்பேன். போன மாதம் உங்களுக்குச் சற்று முன்னால் சேர்ந்த ஒருவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. இப்போது மறுஆய்வு நடக்கிறதாம். நெல்லிக்கொல்லிக்குப் போயிருக்கிறார். புது உத்தரவுப்படி இந்தமுறை குடியிருப்பவர்களுக்கு நிறத்தைச் சொல்லலாம், சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல மாற்றம் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு போயிருக்கிறார். வண்டியைக் கண்டதும் வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டனவாம். ஒரு பெண்மணி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். தெரிந்துகொண்டால் வீடு கிடைக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அலுவலகத்தில் நாங்கள் இத்தனை வருடம் பயந்த பயம் இப்போது அந்தச் சரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியருகில் நின்றவரிடம், பறித்த கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்தபடி ஒரு பெண் வந்து நின்றிருக்கிறார். பார்வதிதான். மற்றவர்களைக் கூப்பிட வேண்டாம் என்றிருக்கிறார்.

“எங்கிட்ட சொல்லுங்க தம்பி. எனக்குத் தெரிஞ்சா இனி என்னா போயிடப்போவுது? எந்தெந்த வூடுன்னு சொல்லுங்க. மழ புடிச்சா நானே அவங்கள எதையாச்சும் சொல்லிக் கீழ கூட்டிக்கிட்டுப் போறேன்.”

அந்த அலுவலர் சொல்லியிருக்கிறார். பார்வதி மூட்டையை இறக்காமலேயே ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தான் ஒருத்தியே கையெழுத்துப் போட்டாராம்.